ஒன்பது மென்பொருள்களும் ஒரு மாடிப்படியும்

கேள்வி: நான் கட்டடப் பொறியியல் படித்துவிட்டு ஐந்து ஆண்டுகளாகக் கட்டுமானக் களத்தில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். கம்பி கட்டியதைச் சரிபார்ப்பது, கான்கிரீட் போடும்போது உடனிருப்பது, அளவெடுத்துப் பில் தயாரிப்பது ஆகியவையே என் அன்றாட வேலை. ஆட்டோகேடில் வரைபடத்தைத் திறந்து அளவு பார்க்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. வேலைவாய்ப்பு அறிவிப்புகளிலோ ரெவிட், ஈடாப்ஸ், ஸ்டாட், டெக்லா, நேவிஸ்வொர்க்ஸ், பிரைமவேரா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். ஆறு மாதத்தில் ஒன்பது மென்பொருள்களைக் கற்றுத் தருவதாக ஒரு பயிற்சி நிறுவனம் சொல்கிறது. சேரலாமா? களத்தில் கழித்த ஐந்து ஆண்டுகள் வீண்தானா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

முதல் கேள்விக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பயிற்சியில் சேர வேண்டாம். ஆறு மாதத்தை ஒன்பதால் வகுத்தால் ஒரு மென்பொருளுக்கு மூன்று வாரம்கூட முழுதாக வராது. அந்த அவகாசத்தில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது தெரியவரும்; அதை அழுத்தினால் கட்டடத்தில் என்ன மாறுகிறது என்பது தெரியவராது. நான் கட்டமைப்பு வடிவமைப்பு அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். புதிதாக வேலைக்கு வருவோருக்குப் பயிற்சியும் அளித்து வருகிறேன். தன்விவரக் குறிப்பில் ஒன்பது பெயர்களை எழுதிக்கொண்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, இவற்றில் எதைக் கொண்டாவது ஒரு கட்டடத்தைத் தொடக்கம் முதல் கடைசிவரை முடித்திருக்கிறீர்களா என்பதுதான். பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்த இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படிக் கற்றுக் கொடுத்தவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம்.

அறிவிப்புகள் அந்தப் பெயர்களை ஒரே வரியில் அடுக்கினாலும், அவை ஒருவரே அமர்ந்து செய்யும் வேலைகளுக்கானவை அல்ல. ஈடாப்ஸும் ஸ்டாடும் கட்டமைப்பைப் பகுப்பாய்வு செய்யும் கருவிகள். சுமை எவ்வளவு, பீமில் வளைவு எவ்வளவு, தூணுக்கு எவ்வளவு கம்பி என்று கணக்கிடுபவை. டெக்லா எஃகுக் கட்டமைப்பின் இணைப்புகளையும் கம்பி விவரங்களையும் பட்டறைக்கு அனுப்பும் அளவுக்கு நுணுக்கமாக வரையப் பயன்படுகிறது. ரெவிட் கட்டடத்தையே ஒரு முப்பரிமாண மாதிரியாகக் கட்டி, அதிலிருந்து வரைபடங்களையும் அளவுப் பட்டியல்களையும் எடுத்துத் தருவது. நேவிஸ்வொர்க்ஸ் பலர் செய்த மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்றோடொன்று எங்கே மோதுகின்றன என்று பார்க்க உதவுவது. பிரைமவேரா கால அட்டவணைக்கானது. வடிவமைப்பாளர், விவர வரைவாளர், ஒருங்கிணைப்பாளர், திட்டமிடுபவர் என்று நான்கு மனிதர்களின் மேசையில் இருக்கும் கருவிகளை ஒருவர் தலையில் ஏற்றிவிடுவதால்தான் உங்களைப் போன்றவர்களுக்குத் திகைப்பு உண்டாகிறது.

உங்கள் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு இயல்பான அடுத்த படி மாதிரி ஒருங்கிணைப்பும் திட்டமிடலும்தான். ஆகவே முதலில் ரெவிட், அது கைக்குப் பழகியபின் நேவிஸ்வொர்க்ஸ், அதன் பிறகு பிரைமவேரா என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறேன். முதல் ஒன்றுக்கே நான்கைந்து மாதம் கொடுங்கள். உங்கள் நிறுவனமோ நீங்கள் சேர விரும்பும் நிறுவனமோ ரெவிட்டுக்குப் பதிலாக ஆர்க்கிகேடைப் பயன்படுத்தினால் அதையே கற்றுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

அந்த அடிப்படையைப் புரிந்துகொள்வது மெனுக்களைப் புரிந்துகொள்வதைவிட முக்கியம். திரையில் கோடு வரைய முடியும் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் தமது ஸ்கெட்ச்பேட் என்ற நிரல் மூலம் 1963-இல் காட்டினார். 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட் அந்த வசதியைச் சாதாரண அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தது. ஆனால் கோடு கோடாகவே இருந்தது. இரண்டு இணைகோடுகள் சுவர் என்பது பார்ப்பவரின் மனத்தில் மட்டுமே இருந்தது. கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே ஒருமுறை முழுமையாக விவரித்துவிட்டு, தளப்படம், வெட்டுத்தோற்றம், அளவுப் பட்டியல் எல்லாவற்றையும் அந்த ஒரே விவரிப்பிலிருந்து பெற வேண்டும் என்ற கருத்தைச் சார்லஸ் ஈஸ்ட்மன் 1970-களிலேயே முன்வைத்தார். 2000-இல் வெளியான ரெவிட் அந்தக் கருத்தின் வழியில் வந்ததுதான். இன்று பிம் (BIM, கட்டடத் தகவல் மாதிரியாக்கம்) என்று எல்லோரும் சொல்வதன் உட்பொருளும் இதுவே. ஆண்டுதோறும் புதிய பதிப்பு வந்து பொத்தான்கள் இடம் மாறுகின்றன. இந்தக் கருத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டாக மாறவில்லை. இதைப் பிடித்துக்கொண்டவருக்கு ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் போவது சில வாரப் பழக்கம்.

நான் பயிற்சி பெற்ற காலத்தில் ஓர் அலுவலகத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு பரிமாண வரைபடம் ஒன்றில், தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட தூரம் மாறியபோது, நேரமில்லை என்று வரைவாளர் கோட்டை நகர்த்தாமல் அளவுக் கோட்டின் மேலிருந்த எண்ணை மட்டும் கையால் மாற்றி எழுதிவிட்டார். தாளில் 4,200 என்று இருந்தது. வரையப்பட்ட தூரமோ பழைய 4,000 மில்லிமீட்டர்தான். இன்னொருவர் அதே கோப்பிலிருந்து அளவெடுத்துப் பீம் கம்பியின் நீளத்தைக் கணக்கிட்டார். வெட்டிய கம்பி களத்தில் 200 மில்லிமீட்டர் குறைந்தது. மாதிரியிலிருந்து எடுக்கும் வரைபடத்தில் அளவு தனியாகவும் பொருள் தனியாகவும் நிற்பதில்லை. தூணை நகர்த்தினால்தான் எண் மாறும். ரெவிட்டைக் கற்பது எதற்காக என்று யாராவது கேட்டால் இந்தக் கம்பியைத்தான் நினைவுகூர்வேன்.

கற்கும் முறை பற்றி இப்போது. பயிற்சி வகுப்புகளில் தரும் மாதிரி வீட்டை விட்டுவிடுங்கள். அது எந்தத் தவறும் வராதபடி தேர்ந்தெடுக்கப்பட்டது. நீங்கள் நின்று கட்டிய ஒரு கட்டடத்திலிருந்து ஒரு மாடிப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 3,000 மில்லிமீட்டர் உயரம், 20 ஏற்றங்கள் (படிக்குப் படி ஏறும் உயரம்), ஒவ்வொன்றும் 150 என்று வைத்துக்கொள்வோம். கீழும் மேலும் தரைப்பூச்சின் தடிமன் 50 மில்லிமீட்டர். படியின் மேல் பதிக்கும் கல்லுக்கும் சாந்துக்கும் சேர்த்து 20 மில்லிமீட்டர் மட்டுமே. கான்கிரீட்டில் எல்லாப் படிகளையும் 150 ஆகவே வார்த்துவிட்டால், பூச்சு முடிந்தபின் முதல் படி 120 ஆகவும் கடைசிப் படி 180 ஆகவும் வந்து நிற்கும். ஏறுபவர் கால் இடறும் படி அது. பூச்சு முடிந்தபின் எல்லாம் 150 ஆக இருக்க வேண்டுமானால், கான்கிரீட்டில் முதல் படி 180 ஆகவும் கடைசிப் படி 120 ஆகவும் இருக்க வேண்டும். இந்த ஒரு மாடிப்படியைக் கட்டமைப்பு அடுக்கும் பூச்சு அடுக்கும் தனித்தனியாக இருக்கும்படி மாதிரியில் சரியாகக் கட்டி, அதன் வெட்டுத்தோற்றத்தை எடுத்து, கான்கிரீட் அளவையும், அதை வார்க்க அடிக்கும் பலகை அடைப்பின் பரப்பையும் பட்டியலாக வரவழைத்து, நீங்கள் அப்போது போட்ட பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால், அது ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கும் வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். நான் பயிற்றுவித்தவர்களில் இந்த மாடிப்படியைச் சரியாக முடித்தவர்கள் மற்ற எல்லாவற்றையும் தாமாகவே கற்றுக்கொண்டார்கள்.

நேவிஸ்வொர்க்ஸுக்கு வரும்போது உங்கள் ஐந்து ஆண்டுகள் என்ன மதிப்புடையவை என்பது தெரியும். கட்டமைப்பு, குளிர்சாதனம், குழாய், மின்சாரம் ஆகிய மாதிரிகளைச் சேர்த்து மோதல் பரிசோதனையை ஓட்டினால் ஆயிரக்கணக்கில் மோதல்கள் வரும். புதியவர் அவற்றை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போவார். அனுபவம் உள்ளவர், ஒரே குழாய் வரிசை தவறான உயரத்தில் வைக்கப்பட்டதால்தான் அவற்றில் முந்நூறு வந்தன என்று கண்டு, அந்த ஓர் உயரத்தைத் திருத்தச் சொல்வார். அதைவிட முக்கியமானது, மென்பொருள் காட்டாத மோதல். பீமின் அடிமட்டத்துக்கும் பொய்க்கூரைக்கும் இடையே 400 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது, அதில் 300 மில்லிமீட்டர் உயரமுள்ள காற்றுக்குழாய் போகிறது என்று கொள்வோம். திரையில் மோதலைக் காட்டும் சிவப்பு எங்கும் தெரியாது. 100 மில்லிமீட்டர் மிச்சம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் குழாயைச் சுற்றி மேலும் கீழும் 25 மில்லிமீட்டர் வெப்பக்காப்பு வரும், அதைத் தாங்கும் ஆங்கிள் (எல் வடிவ எஃகுச் சட்டம்) கீழே 40 மில்லிமீட்டர் பிடிக்கும், கடைசியில் மிஞ்சுவது 10 மில்லிமீட்டர். பொய்க்கூரைக்குள் புதையும் விளக்குக்கு 100 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். அதை எங்கே வைப்பது? பொருத்துபவரின் கை எங்கே நுழையும்? வடிகட்டியைக் கழற்றி மாற்ற வருபவர் எந்தப் பக்கம் ஏணியைப் போடுவார்? இந்தக் கேள்விகளை மாதிரி தானாகக் கேட்காது. ஏணியில் ஏறி நின்று இடம் போதாமல் தவித்தவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்த நீங்கள்தான் கேட்க முடியும். பிம் ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியில் நான் மிகவும் மதித்த மனிதர்கள் களத்திலிருந்து வந்தவர்களே.

பிரைமவேராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தளத்துக்கான பலகை அடைப்பு, கம்பி கட்டுதல், மின்குழாய் பதித்தல், கான்கிரீட், பலகை பிரித்தல் ஆகியவற்றில் எது முடிந்தால் எது தொடங்கலாம் என்பதை முதலில் ஒரு தாளில் வலைப்பின்னலாக வரைந்துவிட்டு மென்பொருளில் ஏற்றுங்கள். அட்டவணை போடத் தெரியாதவர்கள் செய்யும் முதல் தவறு, வேலைகளுக்கிடையே தொடர்பைக் கொடுக்காமல் தேதிகளை நேரடியாகத் தட்டச்சு செய்வது. அப்படிப்பட்ட அட்டவணையில் கம்பி ஒரு வாரம் தாமதமானாலும் கான்கிரீட் தேதி அசையாமல் நிற்கும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஈடாப்ஸை நான் பட்டியலில் சேர்க்காதது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அறிவிப்புகளில் அதன் பெயர்தான் அதிகம் கண்ணில் படுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் அரைகுறைக் கல்வி ஆளையே கொல்லும்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஒரு பெரிய உள்ளரங்கம் இருந்தது. அதன் கூரை, எஃகுத் தண்டுகளை முப்பரிமாணத்தில் பின்னிய இடவெளிச் சட்டகம். நான்கு தாங்கிகளின் மேல் ஏறத்தாழ 91 மீட்டருக்கு 110 மீட்டர் பரந்து நின்றது. அந்தக் காலத்தில் புதிதாக வந்திருந்த கணினிப் பகுப்பாய்வை நம்பி அது வடிவமைக்கப்பட்டது. 1978 ஜனவரி 18 அன்று விடியற்காலையில், பனிப்பொழிவுக்குப் பின், அந்தக் கூரை முழுதாக விழுந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் கூடைப்பந்துப் போட்டி பார்க்க வந்த ஏறத்தாழ 5,000 பேர் வெளியேறியிருந்தார்கள். பின்னர் நடந்த விசாரணையில், அழுத்தம் தாங்கும் மேல் தண்டுகள் நடுவில் பக்கவாட்டுப் பிடிப்பு பெற்றிருப்பதாகக் கணினி மாதிரியில் கொள்ளப்பட்டது என்றும், கட்டிய இணைப்புகள் அந்தப் பிடிப்பைத் தரவில்லை என்றும் தெரியவந்தது. கணினி கூட்டலில் தவறவில்லை. தன்னிடம் விவரிக்கப்பட்ட கட்டடத்துக்குச் சரியான விடையைத் தந்தது. நின்றிருந்த கட்டடம் வேறு. இன்னொன்றும் இருக்கிறது. கட்டும் காலத்திலேயே கூரையின் தொய்வை அளந்தபோது, கணினி சொன்னதைப் போல இரண்டு மடங்கு வந்தது. அந்த வேறுபாடு இயல்பானதுதான் என்று வடிவமைத்தவர்கள் விட்டுவிட்டார்கள். களத்தில் அளந்த எண்ணை நம்பியிருந்தால் அந்தக் கூரையைக் காப்பாற்றக் காலம் இருந்தது.

1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற கடல் மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியதற்கும் காரணம் இதே இனத் தவறுதான்: பகுப்பாய்வு மாதிரி சிறு கூறுகளாகச் சரியாகப் பிரிக்கப்படாததால், ஒரு சுவரின் துண்டிப்பு விசை (சுவரை வெட்டிப் பிளக்க முயலும் விசை) 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது.

ஆகையால் பகுப்பாய்வு மென்பொருளைக் கற்க விரும்பினால், கைக்கணக்கை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியிட்ட கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் என்பது உங்களுக்குத் தெரியும். 150 மில்லிமீட்டர் தளம் சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன் ஆகிறது. பீம், சுவர், பூச்சு, பயன்பாட்டுச் சுமை எல்லாம் சேர்த்துத் தோராயமாகச் சதுர மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொண்டால், ஆறு மீட்டர் இடைவெளிகளில் நிற்கும் நடுத்தூண் ஒன்று ஒரு தளத்துக்கு 36 சதுர மீட்டரைத் தாங்குகிறது. ஒரு தளத்துக்கு 432, ஐந்து தளங்களுக்கு 2,160 கிலோநியூட்டன். திரையில் 2,000 என்றோ 2,400 என்றோ வந்தால் மேலே போகலாம். 3,500 என்று வந்தால், எழுந்து ஒரு நிமிடம் நடந்துவிட்டு வந்து மாதிரியில் தவறைத் தேடுங்கள். சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கும் பெருக்கியை நிலைச்சுமையில் (கட்டடத்தின் நிலையான எடையில்) ஒருமுறையும் பூச்சுச் சுமையில் இன்னொரு முறையும் ஒன்று என்று கொடுத்திருப்பார்கள். கட்டடம் தன்னையே இரண்டு முறை சுமந்துகொண்டிருக்கும். 900 என்று வந்தால், பீமின் முனை தூணைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். இந்தக் கணக்கைத் தாளில் போட இரண்டு நிமிடம் ஆகும். அதைப் போடாமல் அறிக்கையை அச்சிட்டுக் கொடுப்பவரிடம் நான் ஒரு கட்டடத்தையும் ஒப்படைக்க மாட்டேன். வடிவமைப்பாளராகவே ஆக வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு உண்மையாக இருந்தால், வகுப்பைவிட ஒரு மூத்த வடிவமைப்பாளரின் கீழ் இரண்டு மூன்று ஆண்டுகள் அமர்வதுதான் வழி. அதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பாடத்திட்டத்தைவிடப் பயிற்றுநரைப் பாருங்கள். அவர் கடைசியாக எந்தக் கட்டடத்தில் வேலை செய்தார், மாணவர்களின் மாதிரியை அவரே திறந்து பார்த்துத் திருத்துவாரா, அல்லது திரையில் தாம் செய்வதைப் பார்த்துச் செய்யச் சொல்வாரா என்று கேளுங்கள். முடித்துச் சென்ற மாணவர் ஒருவரின் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடலாம். சான்றிதழ் வேண்டுமென்றால், மென்பொருள் நிறுவனமே நடத்தும் தேர்வுக்கு மதிப்பு உண்டு. நிலையம் தானே அச்சிட்டுத் தரும் தாளுக்கு அவ்வளவாக இல்லை.

பூட்டு உடைத்த பதிப்புகளை நிறுவ வேண்டாம். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், ரெவிட்டை வெளியிடும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் இலவசக் கல்வி உரிமம் தருகிறது. மற்றவர்களுக்குக் குறிப்பிட்ட நாள் வரையிலான சோதனைப் பதிப்பு உண்டு. முழுக்க இலவசமாகவே பழக வேண்டுமென்றால் ஃப்ரீகேடும், பிளெண்டரோடு சேர்ந்து இயங்கும் பொன்சாயும் இருக்கின்றன. ரெவிட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஒரு திட்டத்தில் எல்லோரும் பயன்படுத்தும் பதிப்பை அறியாமல் யாராவது ஒருவர் மேம்படுத்திச் சேமித்துவிட்டால், அன்றைய வேலை அத்தனை பேருக்கும் நின்றுவிடும். வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே மாதிரியைக் கொடுத்து வாங்க ஐஎஃப்சி என்ற திறந்த வடிவம் இருக்கிறது. அது 2013-இல் ஐஎஸ்ஓ 16739 என்ற பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதை ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒருங்கிணைக்கவும் பயன்படுத்துங்கள். அடுத்தவர் அதைத் திறந்து உங்களைப் போலவே திருத்திக்கொண்டே போவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏற்றுமதியில் சில விவரங்கள் விடுபடும். எது விடுபட்டது என்று ஒவ்வொரு முறையும் திறந்து பார்ப்பதும் கற்க வேண்டிய பழக்கமே.

ஐந்து ஆண்டுகள் வீணா என்ற கேள்விக்கு மேலே பலவாறாக விடை சொல்லிவிட்டேன். செய்ய வேண்டியது, அந்த ஆண்டுகளை மாதிரியில் தெரியும்படி செய்வது. அடுத்த நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது மென்பொருள்களின் பட்டியலோடு போகாதீர்கள். அந்த மாடிப்படியின் மாதிரியையும், களத்தில் எடுத்த அளவையும், இரண்டுக்கும் வந்த வித்தியாசத்துக்கு நீங்கள் கண்ட காரணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கட்டடம் உங்கள் நிறுவனத்துடையது என்பதால், அதன் வரைபடத்தை வெளியே காட்ட மேலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அளவுகளை நீங்களே மாற்றிப் புதிதாக ஒரு படியை வரைந்துகொள்ளலாம். ரெவிட் விண்டோஸில் மட்டுமே இயங்கும். கணினியில் 16 ஜிபி நினைவகமாவது இருக்கட்டும்.